திங்கட்கிழமைத் துவைப்பு

சன்ஷைன், மெல்பர்ன்
11 ஜனவரி 1976

அன்புள்ள மேனா அக்காவுக்கு,

தம்பி வென்சு எழுதுவது. மாதாவின் துணையால் நானும் ரீத்தாவும் பிள்ளைகளும் சுகம். நீயும் அத்தான் சல்வுவும் சுகந்தானே? உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

சேதி பெரியது. இங்கே மால்ட்டாக்காரர்கள் நடத்தும் எங்கள் பேண்டு ஜூலையில் அங்கே வருகிறது! இருபத்தோரு வருஷம் கழித்து நான் நம் வலெட்டாவுக்கு வரப்போகிறேன். தனியாக இல்லை, நாற்பத்திரண்டு பேரோடு. ஜூலை 18, ஞாயிறு மாலை. முதலில் நம் தெரு வழியாக ஊர்வலம், பிறகு அரண்மனைச் சதுக்கத்தில் கச்சேரி. மால்ட்டாவை விட்டுப் போனவர்கள் சும்மா வரவில்லை, வாத்தியத்தோடு வருகிறார்கள் என்று வலெட்டா முழுக்கப் பார்க்கட்டும்.

பேண்டில் பாதிப் பேர் நம் தெருவின் சிவப்பு பேண்டுக் கிளப்காரர்கள், பாதிப் பேர் அதற்கு எதிரான நீலக் கிளப். கடல் தாண்டினால் புத்தி மாறுமா? போன வருஷம் தொப்பிக் குஞ்சம் என்ன நிறம் என்று ஆரம்பித்த பேச்சில் ஒரு டிரம் கிழிந்தது. கடைசியில் வெள்ளை என்று முடிவாயிற்று.

கச்சேரியின் கடைசி உருப்படி என்னுடைய ஊர்வல நடைமெட்டு. 'பிரியாவிடை' என்று பேர். இங்கே அதை வாசித்தால் கப்பலேறி வந்த கிழவர்கள் கைக்குட்டையை எடுத்துவிடுகிறார்கள். நீயும் கேட்கத்தான் போகிறாய்.

அப்பாவின் கல்லறைக்குப் போக வேண்டும். அவர் போனபோது வர முடியவில்லை என்ற குறை எனக்கு இன்னும் இருக்கிறது. முயல் குழம்பு வைத்துத் தா.

அன்புத் தம்பி,
வென்சு

*

வலெட்டா
9 பிப்ரவரி 1976

வென்சுவுக்கு,

நாங்கள் சுகம். முழங்கால் வலிக்கிறது. விசாரித்தாய், சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்று தெருவுக்கே படித்துக் காட்டினேன். என் தம்பி வருகிறான் என்று பஸ்தீசிப் பலகாரம் விற்கிறவனிடம்கூடச் சொன்னேன். அது போன மாதம்.

இன்று காலை மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே நம் கிளப்பில் யாரோ ஒலிபெருக்கியில் கேசட் போட்டார்கள். உங்கள் பேண்டு அனுப்பியதாம். அறிமுகம் செய்துவைக்க. நான் ஈரப் படுக்கை விரிப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். விரிப்பிலிருந்து தண்ணீர் சொட்டி என் செருப்பு நனைந்தது. நகர முடியவில்லை.

அது என் மெட்டு.

இரண்டு அடி, ஒரு நிறுத்தம், மறுபடி இரண்டு அடி. கப்பலை அலை தட்டுகிற சத்தம் என்று கேசட் அட்டையில் எழுதியிருக்கிறதாம், கிளப் செயலாளர் நேனு கண் கலங்கிச் சொன்னான். அலையுமில்லை, கப்பலுமில்லை. நான் கல்தொட்டியில் விரிப்பை இரண்டு தரம் அடித்துவிட்டுத் திருப்பிப் போடுகிற சத்தம். 1953, எனக்கு வயது இருபத்திரண்டு. அதற்கு நான் வைத்த பேர் 'திங்கட்கிழமைத் துவைப்பு'. தாளை அலமாரியில் மேஜைவிரிப்புகளுக்கு அடியில் வைத்திருந்தேன். நீ கப்பலேறிய மறு மாதம் தேடினேன், இல்லை. பழைய தாள்களோடு நானே அடுப்பில் போட்டுவிட்டேன் போலிருக்கிறது என்று என்னையே திட்டிக்கொண்டேன். இருபத்தோரு வருஷம் என்னையே திட்டிக்கொண்டேன், வென்சு!

பதில் எழுது. சுற்றி வளைக்காமல் எழுது.

மேனா

*

சன்ஷைன்
20 ஏப்ரல் 1976

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். சுகத்துக்கு மாதாவை வேண்டுகிறேன். பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. தொழிற்சாலையில் இரட்டை ஷிப்ட், பிறகு ரீத்தாவுக்குப் பல்வலி, பிறகு தவக்காலம். இங்கே இலையுதிர்காலம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கூடை எலுமிச்சை கொடுத்தார், நம் ஊர் எலுமிச்சை வாசம் இல்லை.

நீ எழுதிய விஷயம். அக்கா, பழைய காலத்தில் வீட்டில் யார் யார் என்னென்ன முணுமுணுத்தோம் என்று இன்று யார் கண்டது? நீ ஏதோ பாடியிருப்பாய், என் காதில் விழுந்திருக்கும். நாற்பத்திரண்டு வாத்தியத்துக்குப் பிரித்து எழுதியவன் நான். ராத்திரி பகலாக எழுதினேன். இங்கே எல்லாருக்கும் அது என் மெட்டு என்றுதான் தெரியும். அதை வைத்துத்தான் என்னைக் கமிட்டியில் சேர்த்தார்கள்.

நீ சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன்.

ஜூலையில் நேரில் பேசலாம். அத்தானுக்கு ஒரு கம்பளி பனியன் எடுத்து வைத்திருக்கிறேன், அளவு எழுது.

வென்சு

*

வலெட்டா
3 மே 1976

வென்சுவுக்கு,

சல்வுவின் அளவு அவருக்கே தெரியும். நான் வேறு அளவு பேச வந்திருக்கிறேன்.

முணுமுணுத்தேனா? நம் கிளப்புக்கே மெட்டுக் கட்டிய அப்பா சமையலறை மேஜையில் உன்னை உட்காரவைத்து, கையில் அடிமட்டத்தோடு, கார்னெட் ஊதக் கற்றுக்கொடுத்தார். 'சோல்' எது 'லா' எது என்று ஸ்வரம் தெரியாமல் நீ அடி வாங்கினாய். மேஜையின் மறுமுனையில் உருளைக்கிழங்கு உரித்த எனக்கு ஒரு வாரத்தில் எல்லாம் பிடிபட்டது. பெண்ணுக்குப் பேண்டில் இடமில்லை, அதனால் அடியும் இல்லை. நான் எழுதியது முணுமுணுப்பு இல்லை. ஏழு தாள். கார்னெட், கிளாரினெட், டிராம்போன், டிரம், எல்லாவற்றுக்கும் தனித்தனி வரி. நேற்று நேனுவிடம் கெஞ்சி அந்தக் கேசட்டை மூன்று தரம் கேட்டேன். நடுவில் டிராம்போன் கீழே இறங்கி வருகிற இடம்கூட என் கைதான். நீ சேர்த்தது ஆரம்பத்தில் ஒரு சின்ன டிரம் உருட்டல். அது நன்றாகவும் இல்லை.

பிறகு நேனுவிடமே சொன்னேன்.

"நேனு, அது நான் எழுதினது."

"எது?"

"அந்த மெட்டு."

அவன் சிரித்த சிரிப்பில் கிளப்பில் இருந்த பத்துப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "மேனா, உங்க அப்பா ரத்தம் உனக்கும் கொஞ்சம் இருக்கும், யாரு இல்லேன்னா? ஆனா நடைமெட்டுன்னா அது ஆம்பள சமாச்சாரம். தம்பி மேல பொறாமைப்படாதே, வீட்டுக்குப் போ."

வீட்டுக்கு வந்தேன். சல்வு சாப்பிட்டுக்கொண்டே, "விடேன், யாரு பேர்ல இருந்தா என்ன, குடும்பத்துலதானே இருக்கு" என்றார். அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நிகழ்ச்சித் தாளில் அந்த மெட்டுக்கு நேரே 'இசை: பிலுமேனா செராபா' என்று அச்சாக வேண்டும். கல்யாணத்துக்கு முன்பு எழுதியது, ஆகவே அப்பா வீட்டுப் பேர்.

இன்னொன்று கேட்கிறேன். உன் ஆயுளில் நீ திறக்காத அலமாரி அது. மேஜைவிரிப்பு எங்கே இருக்கிறது என்றுகூட உனக்குத் தெரியாது. அந்தத் தாள் உன் கைக்கு எப்படி வந்தது?

மேனா

*

சன்ஷைன்
7 ஜூன் 1976

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பும் மனசும் சமாதானமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

நிகழ்ச்சித் தாள் அச்சாகிவிட்டது. ஆயிரம் பிரதி. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? ஆனால் கமிட்டியில் பேசி ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். மெட்டு ஆரம்பிக்கும் முன் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள்: 'இந்த இசை வென்சு செராபா தம் அன்புச் சகோதரிக்குச் சமர்ப்பித்தது.' சதுக்கம் முழுவதும் கேட்கும். முதல் வரிசையில் உனக்கு நாற்காலி.

ஊர்வலத்திலும் அதே மெட்டுத்தான். அது ஒரு கூத்து. நம் தெருவில் இந்த முனையில் சிவப்புக் கிளப், அந்த முனையில் நீலக் கிளப். சிவப்பு மெட்டு வாசித்தால் நீலக்காரன் வாத்தியத்தைக் கீழே வைக்கிறான். நீல மெட்டு என்றால் நம் ஆட்கள் வைக்கிறார்கள். மூன்று கூட்டம் போட்டுத் தீராமல் கடைசியில், இரண்டு பக்கத்துக்கும் சேராதது 'பிரியாவிடை' ஒன்றுதான், தெரு முழுக்க அதையே நாலு தரம் வாசிப்பது, வேறு எதையும் தொடக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பார்த்தாயா, நம் மெட்டு எல்லாரையும் ஒன்று சேர்க்கிறது!

ஜூலை 12 அன்று இறங்குகிறோம். ஸ்லீமாவில் ஹோட்டல்.

வென்சு

*

வலெட்டா
21 ஜூன் 1976

வென்சு,

சுகமா என்று கேட்பது பழக்கம். கேட்டாயிற்று.

நான் பெற்ற பிள்ளைக்கு என்னையே ஞானத்தாயாக நிற்கச் சொல்கிறாய். அதுவும் முதல் வரிசையில், நாற்காலி போட்டு. நான் எழுந்து கும்பிட வேண்டுமா, கைக்குட்டையால் கண்ணைத் துடைக்க வேண்டுமா? அதையும் கமிட்டியில் கேட்டு எழுது.

அலமாரியைப் பற்றிக் கேட்டேன். எலுமிச்சைக்கு ஒரு கடிதத்தில் இடமிருந்தது, குஞ்சத்துக்கு ஒரு கடிதத்தில் இடமிருந்தது. அலமாரிக்கு இல்லை.

பேர் வரவில்லை என்றால் என்ன ஆகும் என்று நான் சொல்லப்போவதில்லை. எனக்கே இன்னும் தெரியாது.

முயல் சொல்லிவைத்துவிட்டேன். கோபம் வேறு, சாப்பாடு வேறு.

மேனா

*

ஸ்லீமா
ஜூலை 15, வியாழன்

அக்கா,

இதை ரீத்தாவிடம் கொடுத்தனுப்புகிறேன். தோணியில் பத்து நிமிஷம்தான், நானே வந்திருக்கலாம். நேற்று உன் வீட்டுப் படியிறங்கியவனுக்கு மறுபடி ஏற மனம் வரவில்லை.

குழம்பு அருமை. அத்தான் பழைய கதை சொன்னது அருமை. காப்பிக்குப் பிறகு நீ அலமாரியைப் பற்றிக் கேட்டாய், நான் 'பிறகு சொல்கிறேன்' என்றேன். நீ தட்டுகளை அடுக்கிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

எல்லாருக்கும் முன்னால் என்னை அவமானப்படுத்திவிடாதே, அக்கா. இருபத்தோரு வருஷமாக அங்கே நான் மோட்டார் தொழிற்சாலையில் திருகு முடுக்குகிறவன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நான் வென்சு செராபா. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். முதல் வரிசை நாற்காலி காலியாக இருக்கக் கூடாது.

வென்சு

*

வலெட்டா
ஜூலை 16

நாற்காலியில் ரீத்தாவின் கைப்பையை வைக்கச் சொல். ஊர்வலத்தின்போது நான் எதிர்வீட்டுக் கர்மெனாவின் பால்கனியில் நிற்பேன். அங்கிருந்து நன்றாகக் கேட்கும்.

ஊருக்கெல்லாம் துவைப்பு ஒரு நாள்தான், திங்கட்கிழமை. அப்பா படுத்திருந்த ஆறு வருஷமும் எனக்கு ஞாயிறும் திங்கட்கிழமைதான். நீ ஞாயிறைப் பற்றி என்னிடம் பேசாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். தண்ணீர் மாறினால் உனக்குச் சின்ன வயதிலேயே வயிறு கெடும்.

மேனா

*

சன்ஷைன்
2 ஆகஸ்ட் 1976

பிலுமேனாவுக்கு,

நாங்கள் வந்து சேர்ந்தோம். உயிரோடு. உன்னிடம் சொல்லாமல் விமானமேறியது வேண்டுமென்றேதான்.

மனம் குளிர்ந்ததா உனக்கு?

நம் ஊரில் எந்த மெட்டு வந்தாலும் கூட்டம் அதற்கு வார்த்தை கட்டிப் பாடும். எனக்குத் தெரியாததா? திருவிழாவில் நீலக்காரர்களைத் திட்டி நாமே எத்தனை பாடியிருக்கிறோம். ஆனால் தெருப் பெண்கள் அத்தனை பேரையும் கூட்டி, ஒரு வாரம் மொட்டைமாடியில் ஒத்திகை பார்த்து, சொந்தத் தம்பிக்கு எதிராக! முதல் தரம் வாசித்தபோது கர்மெனாவின் பால்கனியில் ஏழெட்டுப் பேர். இரண்டு அடி விழுந்தது, நிறுத்தம் வந்தது, அந்த நிறுத்தத்தில் உன் குரல்:

'துவைச்சது மேனா! உடுத்தது வென்சு!'

நான் தலை நிமிரவில்லை. இரண்டாம் தரம் தெரு முழுக்கப் பால்கனி பால்கனியாகப் பாடியது. மூன்றாம் தரம் நம் கிளப் வாசலில், அந்த நேனுவே பீர் கிளாஸைத் தூக்கிக்கொண்டு பாடினான். அவனுக்கு யார் துவைத்தால் என்ன, பாட்டு நன்றாக இருந்தது, அவ்வளவுதான். எங்கள் பேண்டு மாஸ்டர் திரும்பி, "நிறுத்து! வேற மெட்டு போடு!" என்று கத்தினார். டிரம் அடிக்கிற ஸ்பீரு கேட்டான்: "எந்த மெட்டு மாஸ்டர்? சிவப்பா, நீலமா?" கையெழுத்துப் போட்டிருக்கிறோமே! நாலாம் தரமும் அதையே ஊதிக்கொண்டு நீலக் கிளப் வாசலுக்குப் போனோம், அவர்கள் எங்களுக்காகக் காத்திருந்து பாடினார்கள். இரண்டு கிளப்பும் ஒரே பாட்டைப் பாடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். என் உதடு கார்னெட்டில் ஒட்டவில்லை. காற்றுத்தான் வந்தது.

சதுக்கத்தில் அந்த மெட்டை வாசிக்கவே இல்லை. மாஸ்டர் நிகழ்ச்சித் தாளில் கோடு போட்டு அடித்துவிட்டார். உன் தபால் பெட்டியில் இந்தக் கடிதம் விழும்போது நீ சிரிப்பாய். சிரி.

வென்சு

*

வலெட்டா
16 ஆகஸ்ட் 1976

வென்சுவுக்கு,

நீங்கள் சுகமாகச் சேர்ந்தது அறிந்து நிம்மதி. அது உண்மை.

சிரிக்கவில்லை. ஞாயிறன்று சிரித்தேன், இல்லையென்று சொல்லமாட்டேன். நாலாம் தரத்தில் தொண்டை கட்டும்வரை பாடினேன். நாற்பத்தைந்து வயதில் அன்றைக்குத்தான் என் மெட்டை வாத்தியத்தோடு நேரில் கேட்டேன். டிராம்போன் கீழே இறங்கி வந்த இடத்தில் கர்மெனா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடி பாவி, இது நெஜமாவே நீ எழுதினதா?" என்றாள். பாட்டில் சேர்ந்தது விளையாட்டுக்காம், அந்த நிமிஷம்தான் நம்பினாளாம். அந்த ஒரு நிமிஷத்துக்கு நீ காரணம், அதற்கு நன்றி. மற்றதற்கு இல்லை.

ஒத்திகை ஒரு வாரம் இல்லை, இரண்டு நாள். நல்ல மெட்டு சீக்கிரம் வாயில் ஏறும்.

நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை, நீயும் கேட்க வேண்டாம். ஒரு கேள்விக்குப் பதில் சொல். நாலாம் தரம் கேட்கிறேன். தாள் உனக்கு எப்படிக் கிடைத்தது?

மேனா

*

சன்ஷைன்
28 நவம்பர் 1976

அக்கா,

சுகம் விசாரிக்கத் தைரியம் இல்லை. மூன்று மாதமாக இதை எழுதி எழுதிக் கிழித்தேன்.

அப்பா கொடுத்தார்.

1955, துறைமுகம். நீ அழுதுகொண்டு, அப்போது உனக்குப் பேசிக்கொண்டிருந்த சல்வுவோடு சுங்கக் கதவுக்கு வெளியே நின்றாய். அப்பா என்னைச் சாமான் குவியலுக்குப் பின்னால் இழுத்து ஒரு பழுப்பு உறையைச் சட்டைக்குள் திணித்தார். "இத உன் பேர்ல வாசி. இங்க இருந்தா அடுப்புக்குத்தான் போகும்" என்றார். கப்பலில் பிரித்துப் பார்த்தேன். ஏழு தாள். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு தாளின் தலையிலும் உன் பேர் இருந்த இடத்தைச் சவரக் கத்தியால் சுரண்டியிருந்தார். வெளிச்சத்தில் பிடித்தால் தாள் அங்கே மட்டும் மெலிசாக இருக்கும்.

நான் எழுதிக் கேட்டேன். அவர் பதில் நாலு வரி. 'அவளுக்குக் கல்யாணம் ஆக வேண்டும். பேண்டுக்கு மெட்டுக் கட்டுகிறவள் என்றால் எவன் கட்டுவான்? நல்ல மெட்டு, வீணாகக் கூடாது. அவளிடம் சொல்லாதே.'

ஆறு வருஷம் நீதான் அவரைக் குளிப்பாட்டினாய், ஊட்டினாய். அவர் இருக்கும்போது எப்படிச் சொல்வேன்? போன பிறகு எப்படிச் சொல்வேன்? திருடன் என்று நீ என்னையே நினைத்துக்கொண்டால் போகட்டும், அப்பா உனக்கு அப்பாவாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பால்கனியில் உன்னைப் பார்த்தபோதுகூட வாயைத் திறக்கவில்லை. இப்போது திறந்துவிட்டேன். சரியா தப்பா தெரியவில்லை.

தாள்களைத் தனியே பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

வென்சு

*

வலெட்டா
30 ஜனவரி 1977

அன்புள்ள தம்பி வென்சுவுக்கு,

உன் கடிதமும் தாள்களும் கிறிஸ்துமஸுக்கு முன்பே வந்தன. ரீத்தாவும் பிள்ளைகளும் சுகமா? எனக்கு இரண்டு வாரம் காய்ச்சல், இப்போது எழுந்துவிட்டேன்.

தாளை ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். ரொம்பப் பக்குவமாகச் சுரண்டியிருக்கிறார், ஓட்டை விழாமல். அவர் கை அப்போது நன்றாக இருந்தது. பிறகு அந்தக் கை நடுங்க ஆரம்பித்தது. கடைசி மூன்று மெட்டுகளை அவர் வாயால் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். பாதி இடத்தில், "இதுக்கு மேல வரல மேனா, நீ பாத்து முடி" என்பார். முடித்தேன். இந்திரி செராபா என்று அவர் பேரை நானே மேலே எழுதினேன், அழகாக. அப்பாவுக்குத்தானே என்று. அப்போதுகூட அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. ஆறு வருஷம், வென்சு! ஒரு நாள், ஒரு ராத்திரி, என் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கலாம். என் கைதான் எப்போதும் அங்கேயே இருந்ததே.

அவர் படத்துக்கு முன்னால் விளக்கேற்றுவதை நிறுத்திவிட்டேன். சல்வு ஏற்றுகிறார். ஏற்றட்டும்.

உன்னை மன்னித்தேனா என்று கேட்பாய். அப்பாவுக்காக வாயை மூடினேன் என்கிறாய், நம்புகிறேன். கைதட்டலை வாங்கிக்கொண்டது யாருக்காக? அதை நீ எழுதவில்லை. நான் இனிமேல் கேட்கவும் மாட்டேன்.

பழைய மெட்டை நீயே வைத்துக்கொள். தாள் மெலிசாகிவிட்டது, அதில் இனி பேர் எழுதினால் மை ஊறும். நான் புதிதாக ஒன்று எழுதிவிட்டேன். காய்ச்சலில் படுத்திருந்தபோது தலைக்குள் வந்தது, எழுந்ததும் பதினோரு தாள். நம் கிளப்புக்குக் கொண்டுபோனால் நேனு என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். அதனால் தெருவின் அந்த முனைக்குப் போனேன்.

ஆமாம். நீலக் கிளப்புக்கு. செராபா வீட்டில் பிறந்த யாரும் அந்த நடைபாதையில்கூடக் கால் வைத்ததில்லை, எதிர்ப்பக்கமாக நடப்போம். நான் உள்ளே நுழைந்ததும் பில்லியர்ட்ஸ் ஆடியவர்கள் கோலைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார்கள். தலைவர் கிரெட்சு எழுந்து வந்தார்.

"என்னம்மா, எங்க கொடி பறந்து வந்து உங்க துணில விழுந்துருச்சா?"

"இல்ல. நடைமெட்டு ஒண்ணு கொண்டாந்திருக்கேன். மேல பேரு எழுதியிருக்கு. பேர்ல கைவைக்கிறதா இருந்தா இப்பவே திருப்பிக் குடுத்துருங்க."

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். "பிலுமேனா செராபா. செராபான்னா, சிவப்பு இந்திரியோட மகளா?"

"மகதான்."

"இந்திரியோட மக எழுதி, நாங்க வாசிக்கிறதா?" அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! "அம்மா, பேரக் கதவளவுக்கு அச்சடிக்கிறேன். அவனுங்க வாசல்ல நின்னு படிச்சுக் காட்டுறேன்."

அவருக்கு வேண்டியது என் மெட்டு இல்லை, சிவப்புக்காரர்கள் வயிறு எரிய வேண்டும். எனக்குத் தெரியாதா? எரியட்டும். ஆனால் அவர்கள் மாஸ்டர் தாளை வாங்கி, ஒரு மூலையில் உட்கார்ந்து, பதினோரு பக்கமும் வாயசைத்துப் படித்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "ஏழாம் பக்கம் கிளாரினெட்டுக்குக் கஷ்டம்" என்றார். "பழகச் சொல்லுங்க" என்றேன். "சரி" என்றார்.

சல்வு இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே கிடந்தார். மூன்றாம் நாள், "நான் இனி கிளப்புக்கு எப்படிப் போவேன்?" என்றார். "நடந்துதான்" என்றேன்.

அவர்கள் திருவிழா ஆகஸ்டில். பேண்டு சிவப்புக் கிளப்பைத் தாண்டித்தான் போக வேண்டும், வேறு தெரு கிடையாது. எதிர்க்கட்சி பேண்டு போகும்போது நம் ஆட்கள் ஜன்னலைச் சாத்துவார்கள், வழக்கம்தான். சாத்திய ஜன்னலுக்கு உள்ளே, மாடிக்கூடத்தில், அப்பாவின் பெரிய படம் மாட்டியிருக்கிறது. அதனால் டிராம்போனுக்கு நிறையவே எழுதியிருக்கிறேன். எத்தனை ஜன்னலைச் சாத்தினாலும் கேட்கும்.

உடம்பைக் கவனித்துக்கொள். ரீத்தாவுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
பிலுமேனா செராபா